நிலத்தின் மேற்பரப்பைக் கணிப்பொறியில் வடித்தல்: மென்பொருள் தேர்வும் இணைப்பும்

ஒரு மாவட்டத்தின் நிலவரைபடத்தை மேசைமீது விரித்தால் ஊர்களும் ஆறுகளும் சாலைகளும் கண்ணில் படுகின்றன. மேடு எது, பள்ளம் எது என்பது அவ்வளவு எளிதில் புலப்படுவதில்லை. சமஉயரக் கோடுகளைப் படிக்கப் பயின்ற நில அளவையாளர் அதை உடனே கண்டுகொள்வார். ஆனால் தடுப்பணைக்கு இடம் ஒதுக்க வேண்டிய ஊராட்சித் தலைவரும், வெள்ளக் காலத்தில் மக்களை எப்பக்கம் அழைத்துச் செல்வது என்று முடிவு செய்ய வேண்டிய வட்டாட்சியரும் அக்கோடுகளிலிருந்து நிலத்தின் உருவத்தை மனத்தில் எழுப்பிக்கொள்வது கடினம். நிலத்தை முப்பரிமாண உருவமாகக் கணிப்பொறியில் வடித்து, ஒளியும் நிழலும் கொடுத்துக் காட்டும் முறை இக்குறையைப் போக்குகிறது. இன்று மாவட்டத் திட்ட அலுவலகங்களிலும் பொறியியல் கல்லூரிகளிலும் இம்முறை பரவலாகக் கையாளப்படுகிறது.

இதற்கான மென்பொருள்கள் ஏராளம். அவற்றுள் எதுவும் முழுப் பணியையும் செவ்வனே செய்துவிடுவதில்லை என்பதே இத்துறையின் முதற்சிக்கல். உயரத்தைக் கணக்கிடுவதில் வல்லது அழகிய படம் வரைவதில்லை. அழகிய படம் வரைவதற்கு ஏற்பட்டது, தான் வரைவது பூமியின் எந்த இடம் என்பதையே அறியாது. ஆகவே சிலவற்றைத் தேர்ந்தெடுத்து ஒன்றோடொன்று பிணைக்க வேண்டியுள்ளது. பெரும்பாலான பிழைகள் அந்தப் பிணைப்பிடங்களில்தான் புகுகின்றன.

மேற்பரப்பு என்பது எது?

மென்பொருளைத் தேடுமுன் இக்கேள்விக்கு விடை காண வேண்டும். வானிலிருந்து எடுக்கும் அளவீடு முதலில் தொடுவது மரத்தின் உச்சியையும் வீட்டின் கூரையையும்தான். அவற்றை உள்ளடக்கியது பரப்பு மாதிரி. மரத்தையும் கட்டடத்தையும் நீக்கி வெறும் தரையை மட்டும் காட்டுவது தரை மாதிரி. செல்பேசிக் கோபுரம் நிறுவ முதலாவது போதும். மழைநீர் எவ்வழியாக ஓடும் என்றறிய இரண்டாவதே வேண்டும். இரண்டையும் வேறுபடுத்தாமல் ‘உயர மாதிரி’ என்று பொதுவாக அழைக்கும் பழக்கத்தால் விளையும் குழப்பம் சிறிதன்று.

அடுத்தது, அந்தப் பரப்பைக் கணிப்பொறி எவ்வடிவில் நினைவில் வைத்துக்கொள்கிறது என்பது. நிலத்தைச் சம அளவுக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம் எழுதுவது கட்டவலை முறை. அளந்த புள்ளிகளை முக்கோணங்களால் இணைப்பது முக்கோண வலை முறை. மோட்டார் வாகன உடல்களை வடிவமைக்கப் பிரான்சு நாட்டின் சித்ரோயன், ரெனோ நிறுவனங்களில் முறையே தெ காஸ்தெல்ஜோ, பெசியே என்போர் வகுத்த வளைபரப்பு முறை மூன்றாவது. அது ஆலைகளிலும் கட்டடக்கலையிலும் பெருமை பெற்றதாயினும் இயற்கை நிலத்துக்கு அதன் வழவழப்பு பொருந்துவதில்லை. எனவே திட்டப்பணிகளில் முதல் இரண்டுமே பயன்படுகின்றன.

கட்டவலை கணக்கிட எளிது. ஆனால் தன் கட்டத்தைவிடக் குறுகிய பொருளை அது காட்டாது. 30 மீட்டர் கட்டத்தில் 8 மீட்டர் அகலச் சாலைக் கரை பக்கத்து வயலோடு சராசரியாகி மங்கிவிடும். வெள்ளக் கணக்கிலோ அந்தச் சாலைக் கரைதான் நீரைத் தடுக்கும் முதற்பொருள். முக்கோண வலையில் அத்தகைய கரைகளையும் வாய்க்கால் விளிம்புகளையும் முறிவுக் கோடுகளாகத் தனியே புகுத்தலாம்; முக்கோணங்கள் அவற்றைக் குறுக்கே கடக்காமல் அவற்றின் வழியே அமையும். கரையும் மடையும் நிறைந்த பாசன நிலத்துக்கு இம்முறை ஏற்றது. பழைய வரைபடத்தின் சமஉயரக் கோடுகளை மட்டும் கொண்டு முக்கோண வலை அமைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே கோட்டின் மூன்று புள்ளிகள் ஒரு முக்கோணமாகிவிட்டால் அவ்விடம் தட்டையாகும். குன்றின் உச்சி வெட்டப்பட்ட பீடம் போலவும் பள்ளத்தாக்கு படிக்கட்டு போலவும் தோன்றும்.

தரவுகள்

இந்தியாவின் நிலத்தை அளக்கும் முயற்சி நெடிய வரலாறுடையது. 1767இல் தோன்றிய இந்திய நில அளவைத் துறையும், 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்ப்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவையும் அதன் தொடக்கப் படிகள். முழு நாட்டுக்கும் கணிப்பொறி ஏற்கும் உயரத் தரவு கிடைத்தது மட்டும் அண்மையில்தான். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் என்டெவர் விண்ணோடம் 11 நாள் பயணத்தில், 60 மீட்டர் நீளக் கம்பத்தின் உதவியோடு, ரேடார் முறையில் உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அளந்தது. எஸ்.ஆர்.டி.எம். என்று வழங்கும் இத்தரவு அமெரிக்காவுக்கு வெளியே முதலில் 90 மீட்டர் இடைவெளியில்தான் கிடைத்தது. 2014 முதல் 30 மீட்டர் இடைவெளியில் வெளியிடப்பட்டது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2005 மே 5 அன்று செலுத்திய கார்ட்டோசாட்-1 துணைக்கோள், முன்னோக்கியதும் பின்னோக்கியதுமான இரு நிழற்படக் கருவிகளால் ஒரே இடத்தை இரு கோணங்களில் படமெடுத்தது. இரு கண்களால் ஆழத்தை உணர்வது போன்றது இம்முறை. அதிலிருந்து உருவான கார்ட்டோடெம் தரவை ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையம் புவன் தளத்தின் வழியே வழங்குகிறது. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் உயர மாதிரியும், அதிலிருந்து மரங்களையும் கட்டடங்களையும் கணக்கால் நீக்கி 2022இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட மாதிரியும் பிற்காலத்தவை. பின்னதை வணிக நோக்கமின்றியே பயன்படுத்தலாம்.

சிற்றூர் அளவில் ஆளில்லாப் பறக்கும் கருவிகளின் படங்கள் பயன்படுகின்றன. 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பெற்ற ஸ்வமித்வா திட்டத்தின்கீழ் ஊர்களின் குடியிருப்புப் பகுதிகள் இவ்வாறு அளக்கப்பட்டு வந்துள்ளன. இவ்வகைத் தரவின் பெருக்கம் வியப்பளிப்பது. 5 சென்டிமீட்டர் கட்டத்தில் ஒரு ஹெக்டேரில் 40 லட்சம் கட்டங்கள் அடங்கும். 500 ஹெக்டேர் ஊருக்கு 200 கோடி. மாறாக, 5,000 ஹெக்டேர் நீர்வடிப்பகுதி ஒன்று 30 மீட்டர் கட்டத்தில் ஏறத்தாழ 55,500 கட்டங்களில் முடிந்துவிடும். முன்னதற்கும் பின்னதற்கும் ஒரே மென்பொருளைப் பரிந்துரைப்பது, வண்டி மாட்டுக்கும் சரக்கு ரயிலுக்கும் ஒரே நுகத்தடி செய்வதாகும்.

கோசி ஆற்றின் விசிறி நிலம்

தேர்வும் இணைப்பும் எத்தகைய விளைவுகளைத் தரும் என்பதை வடபீகாரைக் கொண்டு விளக்கலாம். நேபாள மலைகளை விட்டிறங்கும் கோசி, தான் சுமந்துவரும் வண்டலைச் சமவெளியில் பரப்பி விசிறி வடிவிலான ஒரு பெருநிலத்தை ஆக்கியுள்ளது. அது பள்ளத்தாக்கு அன்று. நடுவில் சற்றே புடைத்து விளிம்புகளில் தாழும் பரப்பு. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி முதல் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இந்த ஆறு கிழக்கிலிருந்து மேற்காக நூறு கிலோமீட்டருக்கும் அதிகமாக இடம் பெயர்ந்தது. 1950களில் எழுப்பத் தொடங்கிய கரைகள் அதனை மேற்குப் பகுதியில் நிறுத்தின. வண்டல் வருவது மட்டும் நிற்கவில்லை. அது கரைகளுக்குள்ளேயே படிந்து ஆற்றுப் படுகையை உயர்த்தியது. 2008 ஆகஸ்டு 18 அன்று நேபாளத்தின் குசஹா என்னுமிடத்தில் கிழக்குக் கரை உடைந்தது. அப்போது ஆற்றில் ஓடியது வடிவமைப்பளவைவிட மிகக் குறைந்த நீரே. உடைப்பெடுத்த வெள்ளம் பழைய தடங்களைப் பற்றிக்கொண்டு சுபௌல், மாதேபுரா, அராரியா, சஹர்சா, பூர்ணியா மாவட்டங்களில் பாய்ந்தது. பீகாரில் மட்டும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அல்லலுற்றனர். பல தலைமுறைகளாகப் பெருவெள்ளம் காணாத ஊர்கள் அவற்றுள் இருந்தன.

‘இவ்விடத்தில் கரை உடைந்தால் நீர் எங்கே செல்லும்?’ என்னும் கேள்விக்கு விடை நிலத்தின் மேற்பரப்பில்தான் உள்ளது. ஆனால் அந்த விடையைப் படித்தறிவது எளிதன்று. கங்கைச் சமவெளியின் தட்டைத்தன்மை பள்ளி மாணவரும் அறிந்ததே: அம்பாலாவிலிருந்து சுந்தரவனம்வரை ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் தொலைவில் நிலம் தாழ்வது சுமார் 300 மீட்டர், அதாவது 6 கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர். கார்ட்டோடெம் தரவின் உயரத் துல்லியம் 90 விழுக்காட்டு இடங்களில் 8 மீட்டருக்குள் என்று குறிக்கப்பட்டுள்ளது. எஸ்.ஆர்.டி.எம். திட்டத்தின் இலக்கு 16 மீட்டர். 8 மீட்டர் என்பது இச்சமவெளியில் 48 கிலோமீட்டர் தொலைவின் மொத்தச் சரிவுக்கு ஈடு. இமயமலையில் பொருட்படுத்தத் தகாத பிழை, இங்கே ஒரு மாவட்டத்தையே தலைகீழாக்கிவிடும்.

அப்படியாயின் இத்தரவுகளால் பயனில்லையா? உண்டு, ஆனால் அளவறிந்து கொள்ளும் பயன். ஒரு புள்ளியின் பிழை பெரிதாயினும் அடுத்தடுத்த புள்ளிகளுக்கிடையேயான ஒப்பீட்டுப் பிழை அதனினும் சிறிது. தனித்தனியே நேரும் பிழைகள் சராசரி எடுக்கையில் குறைகின்றன. நூறு கட்டங்களின் சராசரியில் அத்தகைய பிழை பத்தில் ஒரு பங்காகும். எனவே விசிறியின் புடைப்பு, பழைய தடங்களின் கரைமேடுகள் போன்ற பெரிய வடிவங்கள் மென்மைப்படுத்திய மாதிரியில் தெளிவாக வெளிப்படுகின்றன. தனியொரு வீட்டு வாசல் மூழ்குமா என்பதை அது சொல்லாது. இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. எஸ்.ஆர்.டி.எம். தரவில் தட்டையான நிலங்களில் சில நூறு மீட்டர் இடைவெளியில் வரிவரியாக ஓர் அலைப்பிழை உண்டு. அது தனித்தனிப் பிழையன்று, சராசரிக்குக் கட்டுப்படாது. உயரத்தைப் பன்மடங்கு பெருக்கி ஒளியூட்டினால் அவ்வரிகள் பழைய ஆற்றுத் தடங்கள் போலவே தோன்றி ஆய்வாளரை ஏமாற்றும்.

மாந்தோப்பும் மூங்கிற் புதரும் சூழ்ந்த வடபீகார் ஊர்களில் ரேடார் கதிர் தரைவரை செல்லாமல் இலைத்திரளிலேயே திரும்புவதும் உண்டு. ஊர் உள்ளதைவிட உயரமாகப் பதிவாகிறது. வெள்ளப் படத்தில் பாதுகாப்பான மேடாகத் தெரிகிறது. கடலோரங்களில் இதே குறையின் அளவை 2019இல் ஸ்காட் கல்ப், பெஞ்சமின் ஸ்ட்ராஸ் ஆகியோரின் ஆய்வு வெளிப்படுத்தியது. எஸ்.ஆர்.டி.எம். உயரங்களைத் திருத்திக் கணக்கிட்டபோது, கடல்மட்ட உயர்வால் இடருக்குள்ளாவோர் தொகை முந்தைய மதிப்பீட்டைப்போல் மும்மடங்காயிற்று. நிலம் மாறவில்லை, மரத்தின் உயரமும் கூரையின் உயரமும் கணக்கிலிருந்து நீங்கின, அவ்வளவே.

எந்தப் பணிக்கு எது?

தேர்வுக்கு முதல் உரைகல், இறுதியில் வேண்டுவது ஓர் எண்ணா, ஒரு படமா என்பது. சரிவு விகிதம், நீர்வடிப்பகுதியின் பரப்பு, குளத்தின் கொள்ளளவு போன்ற எண்கள் வேண்டுமானால் புவித்தகவல் மென்பொருளை விட்டு வெளியே வரவே கூடாது. கூட்டத்தில் மக்களுக்குக் காட்ட வேண்டிய படமாயின் அதிலிருந்து வெளியேறித்தான் ஆக வேண்டும்.

எண்களுக்கு நெடுநாள் நம்பிக்கை பெற்றது கிராஸ். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தரைப்படையின் கட்டுமான ஆய்வுக்கூடத்தில் பிறந்த இது 1999 முதல் பொது உரிமத்தின்கீழ் யாவர்க்கும் கிடைக்கிறது. இதன் நீர்வடிப்பகுதிக் கணக்கு, பள்ளங்களை முன்கூட்டியே நிரப்பிச் சமன் செய்ய வேண்டியதில்லாமல், நீர் வெளியேறக்கூடிய எளிய வழியைத் தேடிச் செல்கிறது. பிற மென்பொருள்கள் பலவற்றில் பள்ளங்களை முதலில் நிரப்ப வேண்டும். ஏரியும் குளமும் இயல்பான பள்ளங்களாகவே உள்ள இந்திய நிலத்தில், எல்லாப் பள்ளத்தையும் பிழையென்று நிரப்புவது ஏரிகளையே அழிப்பதாகும். கிராசின் கட்டளை நடை புதியவர்க்குக் கடுமையானது. 2002இல் தொடங்கப்பெற்ற கியூஜிஐஎஸ் அக்குறையை நிறைவு செய்கிறது. அதன் சாளரத்திலிருந்தே கிராசின் கருவிகளை இயக்கலாம், முறிவுக் கோடுகளோடு முக்கோண வலையும் அமைக்கலாம். 2018இல் வந்த மூன்றாம் பதிப்பு முதல் முப்பரிமாணக் காட்சியும் அதனுள்ளேயே உண்டு. மாவட்ட அலுவலகத் தேவைகளில் பெரும்பகுதிக்கு இவ்விரண்டும் போதும் என்றே கூற வேண்டும். விலை கொடுத்து வாங்கும் ஆர்க்ஜிஐஎஸ், எர்டாஸ் போன்றவை பயிற்சி வசதியிலும் ஆதரவிலும் சிறந்தவை. ஆயினும் உரிமம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டுமாயின், நிதி ஒதுக்கீடு தாமதமாகும் ஆண்டில் பணி நின்றுவிடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அரசுத் துறைகள் திறந்தமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பது 2015இல் மத்திய அரசு அறிவித்த கொள்கையாகும்.

பறக்கும் கருவிப் படங்களைப் புள்ளித் திரளாக்க ஓப்பன் டிரோன் மேப், அத்திரளைச் சலிக்கவும் ஒப்பிடவும் கிளவுட் கம்பேர், வலையைச் சுருக்க இத்தாலியின் பைசா நகரில் உருவான மெஷ்லேப் என்று துணைக்கருவிகள் உள்ளன. சுருக்குவதில் ஒரு நுட்பம் உண்டு. சுருக்கும் கணக்கு, பரப்பின் உருவம் மிகக் குறைவாக மாறும் இடங்களில் முக்கோணங்களை நீக்குகிறது. அதன் பார்வையில் பரந்த வயல் நடுவே இரண்டு மீட்டர் உயரக் கரை ஒரு பொருட்டன்று. கரை நீங்கிய மாதிரியில் வெள்ளத்தை ஓடவிட்டால் விடை என்னவாகும் என்பது சொல்லாமலே விளங்கும். எனவே கணக்கெல்லாம் முடிந்தபின், படத்துக்கென்றே சுருக்க வேண்டும். சுருக்கிய வலையைக் கொண்டு கணக்கிடலாகாது.

படத்துக்குப் பெரிதும் பயன்படுவது பிளெண்டர். நெதர்லாந்து நாட்டின் டன் ரோசெண்டால் ஆக்கிய இது, 2002இல் பொதுமக்கள் ஏழு வாரங்களில் திரட்டித் தந்த ஒரு லட்சம் யூரோவால் பொதுவுடைமையானது. திரைப்படக் கலைஞர்களின் கருவியாதலால் அட்சரேகை, தீர்க்கரேகை என்பன இதற்கு இயல்பாகத் தெரியா.

பிணைப்பிடங்களில் நேரும் பிழைகள்

முதலாவது உயரத்தின் தொடக்க மட்டம். பூமியின் வடிவைக் கணிதத்தில் ஒழுங்கான நீள்வட்டகமாகக் கொள்ளலாம். கடல்மட்டத்தை நிலத்தினூடும் நீட்டிய ஜியாய்டு என்னும் மேடுபள்ள வடிவாகவும் கொள்ளலாம். இவ்விரண்டும் உலகிலேயே மிக அதிகமாக விலகி நிற்குமிடம் இலங்கைக்குத் தெற்கேயுள்ள இந்தியப் பெருங்கடல். அங்கே கடல்மட்டம் நீள்வட்டகத்துக்கு 100 மீட்டருக்கும் கீழே தாழ்ந்துள்ளது. தென்னிந்தியக் கரையிலும் இவ்வேறுபாடு ஏறத்தாழ 90 மீட்டர். எஸ்.ஆர்.டி.எம். உயரங்கள் ஜியாய்டை ஒட்டியவை. கார்ட்டோடெம் உயரங்கள் நீள்வட்டகத்தை ஒட்டியவை. சென்னைக் கடற்கரை ஒன்றில் சில மீட்டராகவும் மற்றொன்றில் கடலுக்குக் கீழே எண்பது மீட்டருக்கு மேலாகவும் காட்டப்படுவது இதனால்தான். ஒன்றில் உள்ள இடைவெளிகளை மற்றொன்றால் நிரப்பும்போது மட்டத்தை மாற்றாமல் ஒட்டினால், இணைப்பில் 90 மீட்டர் செங்குத்துப் பாறை முளைக்கும். அது கண்ணுக்குத் தெரிவதால் திருத்தப்பட்டுவிடும். ஜியாய்டு வேறுபாடு குறைந்த பகுதிகளில் சிறிய படியாக ஒளிந்துகொள்ளும்போதுதான் ஆபத்து.

இரண்டாவது, கிடை அளவின் அலகு. இலவசத் தரவுகள் பெரும்பாலும் பாகைக் கணக்கில் வருகின்றன, உயரமோ மீட்டரில். அப்படியே சரிவு கணக்கிட்டால் ஒவ்வொரு வரப்பும் மலையாகும். மீட்டர் அலகிலான யூ.டி.எம். முறைக்கு முதலில் மாற்ற வேண்டும். இந்தியாவில் 43ஆம், 44ஆம் மண்டலங்களின் எல்லை 78 பாகைத் தீர்க்கரேகை. அது ஆக்ராவையும் மதுரையையும் ஒட்டிச் செல்கிறது. இவ்வெல்லைமேல் அமைந்த மாவட்டங்கள் ஏதேனும் ஒரு மண்டலத்தை உறுதியாகத் தேர்ந்து எல்லாத் தரவுக்கும் அதையே கையாள வேண்டும். எவரெஸ்ட் நீள்வட்டகத்தை அடிப்படையாகக் கொண்ட பழைய நில அளவைத் தாள்களை அத்தகவலின்றி ஒட்டினால் ஆறு தன் பாலத்தை விட்டு விலகி ஓடும்.

மூன்றாவது அதிகம் அறியப்படாதது. பிளெண்டர் போன்ற காட்சி மென்பொருள்கள் புள்ளிகளை 32 இரும எண்களில் பதிந்து வைக்கின்றன. செங்கல்பட்டுக்கு அருகே யூ.டி.எம். வடக்கு அளவு ஏறத்தாழ 14 லட்சம் மீட்டர். அவ்வளவு பெரிய எண்ணை அப்பதிவில் 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்த படியில் எழுத முடியாது. 5 சென்டிமீட்டர் நுட்பத்தில் அளந்த நிலம் பல்வரிசை போலச் சிதையும். மாதிரியின் மூலை ஒன்றை ஆதியாகக் கொண்டு எல்லா எண்களிலிருந்தும் அதைக் கழித்துவிட்டு ஏற்றுமதி செய்தால் இக்குறை நீங்கும். கழித்த எண்ணைத் தனித் தாளில் குறித்து வைக்க வேண்டும். எஸ்.டி.எல்., ஓ.பி.ஜே. கோப்புகளில் அதை நினைவூட்ட எதுவும் இராது, எஸ்.டி.எல். கோப்பில் அலகு மீட்டரா மில்லிமீட்டரா என்பதும் இல்லை. எனவே மூலக் கோப்பு எப்போதும் ஜியோடிஃப் வடிவிலேயே பாதுகாக்கப்பட வேண்டும். இவ்வடிவமாற்றங்களையெல்லாம் ஜிடால் என்னும் சிறு கருவித் தொகுப்பு ஓசையின்றிச் செய்து முடிக்கிறது. அதனைக் கற்பதில் செலவிடும் ஒரு வாரம் பின்னர்ப் பல மாதங்களை மிச்சப்படுத்தும்.

ஒளியும் நிழலும்

முக்கோணங்களாலான பரப்பை வழவழப்பாகக் காட்டும் முறைகளை யூட்டா பல்கலைக்கழகத்தில் 1971இல் கூரோவும் 1975இல் ஃபாங்கும் வகுத்தனர். ஒளிக்கதிரை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து நிழலையும் எதிரொளிப்பையும் கணிக்கும் முறையை 1980இல் விட்டெட் வெளியிட்டார். இன்றைய காட்சி மென்பொருள்கள் இவற்றின் வழிவந்தவை. நிலம் காட்டுவோர் இதில் மனங்கொள்ள வேண்டுவது, வழவழப்பு தரவிலிருந்து வருவதன்று என்பது. ஆயிரம் புள்ளிகளில் அளந்த குன்றும் பத்துப் புள்ளிகளில் அளந்த குன்றும் அம்முறையில் ஏறத்தாழ ஒரே நேர்த்தியுடன் தோன்றும். சோதனையின்போது வழவழப்பை நீக்கி, முக்கோணங்கள் தெரியும்படியே பார்ப்பது நலம்.

நிலப்படங்களுக்கு ஒளி வடமேற்கிலிருந்து விழுமாறு அமைப்பது மரபு. ஒளி தெற்கிலிருந்து விழுந்தால் பலரது கண்ணுக்கு மலைமுகடு பள்ளமாகவும் பள்ளத்தாக்கு முகடாகவும் புரண்டு தெரியும். இமயமலையின் துணைக்கோள் படங்களில் இம்மயக்கத்தைப் பலரும் கண்டிருப்பர். சிக்கல் எழுவது, துணைக்கோள் படத்தையே பரப்பின்மேல் போர்த்தும்போது. நிலத்தைப் படமெடுக்கும் துணைக்கோள்கள் பல முற்பகல் 10.30 மணியளவில் கடப்பவை. பெரும்பாலான மாதங்களில் அப்போது கதிரவன் தென்கிழக்கில் நிற்பதால், படத்திலேயே நிழல்கள் வடமேற்கு நோக்கிப் பதிந்துள்ளன. அதன்மேல் வடமேற்கு ஒளியைச் செலுத்தினால் ஒவ்வொரு மலைக்கும் இரு நிழல்கள் எதிரெதிராக அமையும். ஒன்று, செயற்கை ஒளியைப் படத்தின் ஒளியோடு ஒத்திசைக்க வேண்டும். அன்றேல் நிழற்படத்தை விட்டுவிட்டு உயரத்துக்கேற்ற வண்ணம் தீட்ட வேண்டும். மக்கள் கூட்டங்களுக்குப் பின்னதே தெளிவாக இருக்கிறது.

உயரத்தைப் பெருக்கிக் காட்டுவது சமவெளியில் தவிர்க்க முடியாதது. கோசி விசிறியை உண்மை அளவில் வரைந்தால் பாய் விரித்தாற்போலத் தட்டையாகவே தெரியும். ஐம்பது மடங்கு பெருக்கினால் பழைய தடங்கள் எழுந்து நிற்கும். அவற்றோடு அலைப்பிழையும் எழுந்து நிற்கும். எத்தனை மடங்கு என்பது படத்தின்மேலேயே பெரிய எழுத்தில் அச்சிடப்பட வேண்டும். அது இன்றேல், தன் ஊர் குன்றின்மேல் இருப்பதாகப் படத்தில் காணும் குடும்பம் வெள்ள எச்சரிக்கையின்போது வீட்டை விட்டு அசையாது.

அலுவலக நடைமுறை

இப்பணியைத் தனியொருவரின் திறமையாக விட்டுவிடும் அலுவலகங்களில், அவர் மாற்றலாகிப் போன மறுநாள் மாதிரி அநாதையாகிறது. எந்தத் தரவு, எந்த நாளில் பெறப்பட்டது, உயர மட்டம் எது, எந்தக் கட்டளைகள் எந்த வரிசையில் இயக்கப்பட்டன என்பவை கோப்போடு சேர்த்து வைக்கப்பட வேண்டும். கிராசும் ஜிடாலும் கட்டளை வரிகளால் இயங்குவதால் அவ்வரிகளின் தொகுப்பே இவ்வேட்டுக்கு ஈடாகும். புதியவர் கடுமை என்று ஒதுக்கும் அந்நடை, தணிக்கையாளருக்கும் பின்வரும் அலுவலருக்கும் பேருதவி. பிளெண்டரில் கையால் இழுத்து அமைத்தவற்றுக்கு அத்தகைய சுவடு கிடையாது. ஆகவே உயரத்தில் எந்தத் திருத்தத்தையும் அங்கே செய்யலாகாது என்பது கண்டிப்பான விதியாக இருத்தல் வேண்டும். மாதிரியை ஏற்குமுன், தெரிந்த உயரமுடைய சில நில அளவைக் குறிகளில் நேரில் ஒப்பிட்டு வேறுபாட்டை எழுதி வைப்பதும் இன்றியமையாதது. ஒரு நாள் ஜீப் பயணத்தில் முடியும் இவ்வேலை பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது.

2021 பிப்ரவரியில் வெளியான வழிகாட்டு நெறிகள் இந்திய நிறுவனங்கள் நிலத்தரவைத் திரட்டுவதற்கும் வழங்குவதற்கும் இருந்த முன்னனுமதித் தேவைகளைப் பெரும்பாலும் நீக்கின. 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியப் புவிவெளிக் கொள்கை, 2030ஆம் ஆண்டுக்குள் நாடு முழுமைக்கும் உயர மாதிரி ஆக்கப்பட வேண்டும் என்றும், அது சமவெளிகளில் 25 சென்டிமீட்டர், மலைப்பகுதிகளில் 1 முதல் 3 மீட்டர் நுட்பமுடையதாக அமைய வேண்டும் என்றும் இலக்கு வகுத்துள்ளது. கங்கைச் சமவெளிக் கணக்கில் 25 சென்டிமீட்டர் என்பது ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவின் சரிவுக்கு ஈடு. இன்றைய 48 கிலோமீட்டரோடு இதனை ஒப்பிடலாம். அத்தரவு கைக்கு வரும் நாளில், கரை உடைந்தால் எந்த ஊர் முதலில் மூழ்கும் என்று ஊர்ப் பெயரைச் சொல்லியே கேட்க இயலும். அதற்குள் மாவட்ட அலுவலகங்களில் உயர மட்டத்தை மாற்றவும், கரைகளை முறிவுக் கோடுகளாகப் புகுத்தவும், கோப்போடு கட்டளை ஏட்டைச் சேர்த்து வைக்கவும் பயின்ற இருவரேனும் இருத்தல் வேண்டும்.